எந்த பிரவுசர் என்று ஏன் கேட்க வேண்டும்?

இன்று குரோமில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால், பக்கத்தைக் கேட்கும்போதே குரோம் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதி அந்தத் தளத்தின் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. இயங்குதள விவரங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த வரியில் முதலில் இருப்பது 'மொஸில்லா'. அது ஃபயர்ஃபாக்ஸ் பிறந்த வீட்டின் பெயர். அடுத்து 'ஆப்பிள்வெப்கிட்'. பிறகு 'கேஎச்டிஎம்எல், கெக்கோவைப் போல' என்று ஒரு குறிப்பு. அதற்கும் பிறகுதான் 'குரோம்'. கடைசியில் 'சஃபாரி'. உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் பிரவுசரே இத்தனை பேருடைய பெயர்களைச் சொல்லித்தான் உள்ளே வருகிறது.

இந்தப் பெயர்கள் சேர்ந்த கதையைத் தெரிந்துகொண்டால், "இந்தத் தளத்தை குரோமில் மட்டும் திறக்கவும்" என்று ஒரு வங்கியோ கல்லூரி விண்ணப்பப் பக்கமோ சொல்லும்போது அங்கே என்ன நடக்கிறது என்பதும் புரியும்.

1994 இறுதியில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வந்தது. அதற்கு உள்ளே வைத்த பெயர் மொஸில்லா. அப்போது புழக்கத்தில் இருந்த மற்ற பிரவுசர்களால் முடியாத பலவற்றை அது செய்தது. அதன் இரண்டாம் பதிப்பு, ஒரே திரையைப் பல சட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஃபிரேம் வசதியையும் கொண்டுவந்தது. தளம் நடத்தியவர்கள் ஒரு சுருக்கு வழி கண்டார்கள்: வருகிறவர் மொஸில்லா என்று சொன்னால் அழகான பக்கம், இல்லையென்றால் சாதாரணப் பக்கம். 1995-ல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்தபோது, நல்ல பக்கம் தனக்கும் கிடைக்க வேண்டுமே என்று இரண்டாம் பதிப்பிலேயே தன்னை 'மொஸில்லா' என்றும், அதனுடன் ஒத்துப்போகும் பிரவுசர் என்றும் சொல்லிக்கொண்டது. அங்கே தொடங்கியது எல்லாம்.

பக்கத்தைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் உள்பகுதிக்கு என்ஜின் என்று பெயர். நெட்ஸ்கேப்பின் வாரிசாக வந்த கெக்கோ என்ஜினுக்குத் தளங்கள் நல்ல பக்கம் கொடுக்கத் தொடங்கியதும், லினக்ஸில் இயங்கிய கான்குவரர் பிரவுசர் "நானும் கெக்கோவைப் போலத்தான்" என்றது. கான்குவரரின் கேஎச்டிஎம்எல் என்ஜினை எடுத்து, வெப்கிட் என்று மாற்றிக் கட்டி, ஆப்பிள் 2003-ல் சஃபாரியைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர்களையும் கூடவே எடுத்துக்கொண்டது. 2008-ல் வெப்கிட்டின் மேல் கட்டப்பட்ட குரோம், சஃபாரிக்குத் திறக்கும் கதவு தனக்கும் திறக்க வேண்டும் என்று அந்தப் பெயரையும் சேர்த்தது. 2015-ல் வந்த மைக்ரோசாஃப்ட் எட்ஜ் இத்தனை பெயர்களையும் சொல்லிவிட்டுத்தான் தன் பெயரைச் சொன்னது.

பெயரை வைத்து முடிவெடுப்பது எவ்வளவு பலவீனமான வழி என்பதை ஓபரா காட்டியது. அது பத்தாம் பதிப்புக்கு வந்தபோது, பல தளங்களின் நிரல்கள் பதிப்பு எண்ணில் முதல் இலக்கத்தை மட்டும் படித்து, '10'-ஐ '1' என்று எடுத்துக்கொண்டு, மிகப் பழைய பிரவுசர் என்று துரத்தின. வேறு வழியில்லாமல் ஓபரா தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் ஒளித்து வைத்தது. 2022-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் நூறாம் பதிப்பை நெருங்கியபோது, இரண்டு இலக்கத்துக்கு மேல் எதிர்பார்க்காத தளங்கள் உடையுமோ என்று முன்கூட்டியே சோதனை நடத்த வேண்டியிருந்தது. விவால்டி என்ற சிறிய பிரவுசர் 2019 டிசம்பரில் தன் பெயரைச் சொல்வதையே பெரும்பாலான தளங்களிடம் நிறுத்திவிட்டது. குரோமின் அதே என்ஜினில் ஓடினாலும், விவால்டி என்ற சொல்லைப் பார்த்ததும் சில தளங்கள் வழி மறித்தன.

மறிப்பது எப்போதும் கவனக்குறைவு என்றும் சொல்ல முடியாது. 2001 அக்டோபரில், விண்டோஸ் எக்ஸ்பி வெளியான அதே சமயத்தில், மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளம் ஓபரா, மொஸில்லா போன்ற பிரவுசர்களில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் தடை நீங்கியது. 2003-ல் அதே தளம் ஓபராவுக்கு மட்டும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பை வேறாக அனுப்புவது தெரியவந்தது. அதில் பட்டியல்களை 30 பிக்சல் இடப்பக்கம் தள்ளும் ஒரு கட்டளை இருந்தது. பக்கம் உடைந்து, ஓபராதான் சரியில்லை என்று தோன்றும்படி தெரிந்தது. ஓபராவின் தொழில்நுட்பத் தலைவர் ஹோகன் வியூம் லீ அதே பிரவுசரை 'ஓப்ரா' என்று எழுத்து மாற்றிச் சொல்லவைத்துப் பார்த்தார். பக்கம் ஒழுங்காக வந்தது. பிரவுசரில் குறை இல்லை, பெயரில்தான் குறை கண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த லீயை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிஎஸ்எஸ் என்பதையே முதலில் முன்மொழிந்தவர் அவர். 1994 அக்டோபரில், செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதிய வரைவு அது. பக்கத்தின் எழுத்தளவு, நிறம், இடைவெளி எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியவர் சொல்லலாம், படிப்பவரும் சொல்லலாம், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பிரவுசர் ஒரு முடிவுக்கு வரும். அதுதான் அதன் அடிப்படை எண்ணம். யாருடைய விருப்பம் எத்தனை சதவீதம் செல்ல வேண்டும் என்று குறிப்பிடும் வசதிகூட அந்த வரைவில் இருந்தது. சதவீதக் கணக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் படிப்பவருக்கும் ஓர் இடம் உண்டு என்பது நிலைத்தது. 1996-ல் வந்த முதல் சிஎஸ்எஸ் தரநிலையில், இரண்டு பேரும் 'இது முக்கியம்' என்று குறியிட்டால் எழுதியவர் சொன்னதே செல்லும். 1998-ல் வந்த இரண்டாம் தரநிலையில் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர் தனக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்று சொன்னால், வடிவமைத்தவர் என்ன எழுதியிருந்தாலும் அதை மீறிச் செல்லலாம். அந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது.

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லும் இதே மனப்பாங்கில் பிறந்ததுதான். தனக்குத் தெரியாத ஒரு டேக், அதாவது குறிச்சொல், வந்தால், பிரவுசர் அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். சிஎஸ்எஸ்ஸில் தெரியாத கட்டளை வந்தால் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகும். 2024-ல் எழுதிய பக்கத்தைப் பத்து வருடப் பழைய பிரவுசரில் திறந்தாலும், புதிய அலங்காரங்கள் போகும், செய்தி நிற்கும். டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியதன் நோக்கமே, செர்ன் ஆய்வகத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத கணினிகளில் கிடந்த ஆவணங்களை எங்கிருந்தும் படிக்க முடிய வேண்டும் என்பதுதான். 'இந்தப் பக்கம் இன்ன பிரவுசரில் சிறப்பாகத் தெரியும்' என்று எழுதி வைப்பவர்கள், ஒரு கணினியில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியாமல் கிடந்த பழைய காலத்துக்கு ஏங்குகிறவர்கள் என்று 1996-லேயே அவர் வருத்தத்தோடு சொன்னார்.

பக்கத்துக்குள் ஓடும் நிரல்களை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் அப்படி இல்லை. அதில் பிரவுசருக்குப் புரியாத ஒரு வரி வந்தால் அந்தக் கோப்பு முழுதுமே நின்றுவிடலாம். பக்கத்தின் எழுத்தையே ஜாவாஸ்கிரிப்ட்தான் கொண்டுவந்து போட வேண்டும் என்று கட்டப்பட்ட தளமானால், பயனர் பார்ப்பது வெள்ளைத் திரை. இன்றைய ஒத்திசைவுச் சிக்கல்களில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. பழைய பிரவுசர் வைத்திருப்பவருக்கு மட்டும் வரும் தொல்லை என்றும் இதை நினைக்கக் கூடாது. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013-ல் தன் தளத்தில் எண்ணிப் பார்த்தபோது, ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேராத வருகைகள் 1.1 சதவீதம். அதில் 0.2 சதவீதம்தான் அதை வேண்டுமென்றே அணைத்தவர்களும் அந்த வசதியே இல்லாதவர்களும். மீதி 0.9 சதவீதம் பேரின் பிரவுசரில் எல்லாம் இருந்தும் அது வந்து சேரவில்லை. இணைப்பு அறுந்திருக்கலாம், அலுவலக வலையமைப்பு தடுத்திருக்கலாம், ரயிலில் போய்க்கொண்டிருந்திருக்கலாம்.

தமிழில் படிப்பவர்கள் இந்தச் சிக்கலை எழுத்தின் அளவிலேயே அனுபவித்தவர்கள். தொண்ணூறுகளின் இறுதியில் தமிழ் நாளிதழ்களின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவையும் ஆளுக்கொரு குறியாக்கத்தையும் வைத்திருந்தன. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் புரியாத குறிகள்தான். அதற்குத் தீர்வாக, பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கும் முறை வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப் நான்காம் பதிப்புக்கு வேறொரு வகை. நெட்ஸ்கேப்பின் காலம் முடிந்து மொஸில்லா வந்தபோது அந்த வகைக்கான ஆதரவு போய்விட்டது. எக்ஸ்ப்ளோரருக்கான வகையை வேறு எந்த பிரவுசரும் ஏற்கவில்லை. அதனால் லினக்ஸ் வைத்திருந்த ஒரு தமிழருக்கு, அன்றைய செய்தியைத் தாய்மொழியில் படிப்பதே எந்த நிறுவனத்தின் பிரவுசர் தன்னிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயமாகிப்போனது.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் வந்தபின் பெரும்பகுதி தீர்ந்தது. ஆனாலும் வலைப்பதிவுகள் பெருகிய 2004–2007 காலத்தில் படித்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். பத்தியை இருபுறமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபை அமைப்பை ஒரு பதிவர் வைத்துவிட்டால், எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்காகத் தெரிந்த பக்கம் விண்டோஸ் ஃபயர்ஃபாக்ஸில் சிதறிப்போகும். உயிர்மெய் எழுத்துகள் உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும். ஆங்கிலத்தில் அது வெறும் அழகு சார்ந்த கட்டளை. தமிழில் அதே கட்டளை படிக்கவே முடியாமல் செய்தது. எழுதியவர் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார், அவருக்குத் தெரியவே தெரியாது. 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் எழுத்தைக் கையாளும் பகுதியை மாற்றியபின்தான் அது நின்றது. அதுவரை படிப்பவருக்கு இருந்த ஒரே தற்காப்பு, படிப்பவர் சொன்னதே செல்லும் என்று மேலே சொன்ன சிஎஸ்எஸ் விதி. பிரவுசரின் அமைப்புக் கோப்பில் 'எந்தப் பத்தியையும் இடப்பக்கமாகவே ஒழுங்குபடுத்து' என்று ஒரே வரி எழுதி வைத்தால் எல்லாத் தளங்களும் படிக்கும்படி ஆகிவிடும். தளக்காரரிடம் கெஞ்ச வேண்டாம்; பிரவுசர் நிறுவனத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

அந்த உரிமை இப்போது எந்த நிலையில் இருக்கிறது? குரோம் 2014-ல் பயனரின் சொந்த சிஎஸ்எஸ் கோப்புக்கான ஆதரவை நீக்கிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் இருக்கிறது, ஆனால் 2019 முதல் அது இயல்பாக அணைக்கப்பட்டு, உள் அமைப்புகளைத் தேடிப் போய் இயக்க வேண்டியதாகிவிட்டது. சஃபாரியின் மேசைக்கணினிப் பதிப்பில் மட்டும் அமைப்புப் பக்கத்திலேயே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. குரோமில் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) நிறுவிச் சமாளிக்கலாம்தான். ஆனால் பிரவுசரின் அடிப்படை உரிமையாக இருந்த ஒன்றை வெளியிலிருந்து ஒட்டவைத்துக்கொள்ள வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்ததை நான் இழப்பாகத்தான் பார்க்கிறேன்.

எழுத்தளவிலும் இதே இழுபறி நெடுங்காலம் நடந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்பில், தளம் எழுத்தளவை பிக்சலில் எழுதியிருந்தால் பயனர் மெனுவில் 'பெரிய எழுத்து' என்று தேர்ந்தாலும் ஒன்றும் நடக்காது. எல்லாப் பதிப்புகளையும் சேர்த்தால், ஒரு கட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வைத்திருந்த பிரவுசர் எக்ஸ்ப்ளோரர். வடிவமைப்பாளர்கள் பலர் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள். தாங்கள் வரைந்தது குலையாது அல்லவா. கைப்பேசி வந்தபின் அதே போக்கு, இரு விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் ஒரு வரிக் கட்டளையாக உருவெடுத்தது. பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு படிவத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் விரலை விரித்து விரித்துப் பார்த்தும் பக்கம் அசையாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். 2016-ல் ஐஓஎஸ் பத்தாம் பதிப்பில் ஆப்பிள் அந்தத் தடையைச் சஃபாரி மதிக்காது என்று முடிவெடுத்தது. தளம் தடுத்தாலும் பயனர் பெரிதாக்கலாம். பிரவுசர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அது நேர்மையான பதில். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் உள்ளடக்கமும் செயல்பாடும் இழக்கப்படக் கூடாது என்று 2008-லேயே, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. தமிழுக்கு இது இன்னும் அவசியம். நம் சொற்கள் நீளம், எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்து உயரத்தைப் பூட்டிய பொத்தானுக்குள் தமிழைப் போட்டால் இகர விசிறியோ உகரக் கீற்றோ வெட்டுப்பட்டுப் போகும்.

சரி, பிரவுசர்களுக்கு இடையே உண்மையிலேயே வேறுபாடுகள் இருக்கின்றனவே, பெயரைக் கேட்காமல் தளம் எப்படிச் சமாளிக்கும்? வழி இருக்கிறது, இருபது வருடப் பழக்கமும் இருக்கிறது. 'நீ யார்' என்பதற்குப் பதிலாக 'இது உனக்கு முடியுமா' என்று கேட்பது. சமையலுக்கு ஆள் எடுப்பவர் சமைத்துக் காட்டச் சொல்லாமல், எந்த ஊர் என்று மட்டும் கேட்டு அனுப்பினால் எப்படி இருக்கும்? ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வசதி இருக்கிறதா என்று ஒரு வரியில் சோதிக்கலாம். சிஎஸ்எஸ்ஸிலேயே 'இந்தக் கட்டளை புரிந்தால் மட்டும் இதைச் செய்' என்று எழுதலாம். நாளை புதிதாக வரும் பிரவுசரிலும், யாருக்கும் பெயர் தெரியாத பிரவுசரிலும் அது வேலை செய்யும்.

இதோடு சேர்ந்தது, எல்லோருக்கும் ஓடும் அடித்தளத்தை முதலில் கட்டிவிட்டு, முடிந்தவர்களுக்கு மேலே சேர்ப்பது. 2003-ல் ஸ்டீவன் சாம்பியன் இந்த அணுகுமுறைக்குப் பெயர் கொடுத்து முன்வைத்தார். ஜியோபோனை எடுத்துக்கொள்வோம். 2017-ல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு அறிவிக்கப்பட்ட பட்டன் போன், 2.4 அங்குலத் திரை. அதில் ஓடும் காய்ஓஎஸ் இயங்குதளம், ஃபயர்ஃபாக்ஸ் 48-ன் என்ஜினை வைத்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் அந்தப் பதிப்பு 2016-ல் வந்தது. பக்கங்களைக் கட்டம் கட்டமாக அமைக்கும் கிரிட் வசதி ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்ததோ 2017 மார்ச்சில், 52-ம் பதிப்பில். கிரிட்டை மட்டுமே நம்பிய தளம் ஜியோபோனில் தன் அமைப்பை இழக்கும். ஆனால் கீழே ஒழுங்கான எச்டிஎம்எல் இருந்தால், பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அந்தச் சின்னத் திரைக்கு அதுவே போதும். விவசாயி விலைப்பட்டியலைப் படித்துவிடுவார். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் எதுவுமே காட்டாத தளமாக இருந்தால் அவருக்கு எதுவும் இல்லை. கோடிக்கணக்கான பேர் கையில் இருந்த போன் அது.

ஒரே பிரவுசரை நம்பிக் கட்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடே அனுபவித்திருக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியில், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வலுவான மறையாக்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கா கட்டுப்பாடு வைத்திருந்ததால், தென் கொரியா சீட் என்ற சொந்த மறையாக்க முறையை உருவாக்கியது. பிரவுசர்களில் அது இல்லாததால், எக்ஸ்ப்ளோரருக்குள் கூடுதல் மென்பொருளை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் மூலம் தனி மென்பொருளாக நிறுவ வேண்டியிருந்தது. வங்கி, கடை, அரசு அலுவலகம் என எல்லாம் அதன்மேல் எழும்பின. அமெரிக்கா 2000-ல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. காரணம் போனபின்னும் ஏற்பாடு நின்றது. இணைய வேகத்தில் உலகின் முன்வரிசையில் இருந்த நாட்டில், விண்டோஸும் எக்ஸ்ப்ளோரரும் இல்லாமல் வங்கி வேலை பார்க்க முடியாத நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2014-ல், சீனாவில் புகழ்பெற்ற ஒரு கொரியத் தொடரின் நாயகி அணிந்த கோட்டைச் சீன ரசிகர்களால் கொரியத் தளங்களில் வாங்க முடியவில்லை என்று அதிபர் பார்க் குன்-ஹே வெளிப்படையாகக் குறைபட்ட பிறகுதான் விதிகள் வேகமாகத் தளர்ந்தன. இந்த ஏற்பாட்டோடு பிணைந்திருந்த, பயனரின் அடையாளத்தை உறுதிசெய்யும் அரசு அங்கீகாரச் சான்றிதழ் முறையின் ஏகபோகம் ஒழிந்தது 2020 டிசம்பரில். இந்தியாவிலும் டிஜிட்டல் கையொப்பம் கேட்ட அரசுத் தளங்கள் பல, பிரவுசருக்குள் ஓடும் சிறு நிரலான ஜாவா ஆப்லெட்டை நம்பியிருந்தன. குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் அதற்கான வழியை அடைத்தபோது, ஒப்பந்தப்புள்ளி போடுவதற்கென்றே பழைய எக்ஸ்ப்ளோரரை வைத்திருக்க வேண்டிய நிலை வந்தது.

எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. இடம் காலியாகவில்லை. 2013-ல் ஓபரா தன் சொந்த என்ஜினைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டே 2018-ல் தோல்வியை ஒப்புக்கொண்டு எட்ஜை குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. பரவலாகப் பயன்படும் என்ஜின்கள் இப்போது மூன்றுதான்: இன்று குரோமை இயக்கும் கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொஸில்லாவின் கெக்கோ. ஐஃபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் இறக்கினாலும் உள்ளே வெப்கிட்தான் என்ற விதியை ஆப்பிள் 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் தளர்த்தியது, அதுவும் அங்குள்ள சட்டத்தின் கட்டாயத்தால். பெயர்ப் பலகைகள் நிறைய இருக்கின்றன. உண்மையான தேர்வு மிகக் குறைவு.

என்ஜின் குறைந்தால் ஒத்திசைவுத் தொல்லையும் குறையுமே, நல்லதுதானே என்று கேட்கும் நிரலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 2001-லிருந்து 2006 வரை எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்புக்கு அடுத்த பதிப்பே வராமல் கிடந்தது போட்டியாளர் இல்லாததால்தான். ஒரே என்ஜின் என்றால் அதன் பிழைகளே தரநிலை ஆகிவிடும். வெப்கிட்டின் சோதனைக் கட்டளைகளுக்கு என்று வைத்த தனி முன்னொட்டைக் கைப்பேசித் தளங்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதியதால், போட்டியாளரான ஃபயர்ஃபாக்ஸ் 2016-ல் அதே முன்னொட்டை ஏற்க வேண்டிவந்தது. தரநிலைக் குழு முடிவெடுக்கவில்லை. தளங்களின் அசட்டை முடிவெடுத்தது.

நம்பிக்கை தரும் பக்கமும் இருக்கிறது. 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா ஆகியவை இகாலியா, போகூப் என்ற வலைத் தொழில்நுட்ப நிறுவனங்களோடு சேர்ந்து, ஆண்டுதோறும் எந்தெந்த வசதிகள் எல்லா பிரவுசரிலும் ஒரேபோல் ஓட வேண்டும் என்று பட்டியல் போட்டு, பொதுச் சோதனைகள் வைத்து மதிப்பெண்ணை வெளியிடுகின்றன. வேறு எதிலும் ஒத்துப்போகாத நிறுவனங்கள் இவை. அந்த வேலையின் பலனாக, இன்று தரநிலைப்படி எழுதும் ஒருவர் பதினைந்து வருடங்களுக்கு முன் பட்ட பாட்டில் சிறு பங்குகூடப் படத் தேவையில்லை. ஆகவே இப்போது 'குரோமில் மட்டும்' என்று ஒரு தளம் எழுதினால், பெரும்பாலும் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்காது. இன்னொரு பிரவுசரில் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

திறந்து பார்க்காத பாரத்தை இப்போது பிரவுசர்களே சுமக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஒரு பக்கம் இருக்கிறது. எந்தெந்தத் தளங்களில் தன்னை வேறு பெயரில் காட்டிக்கொள்கிறது, எந்தெந்தத் தளங்களின் நிரலைத் தானே திருத்தி ஓட்டுகிறது என்று அதில் வரிசையாகப் படிக்கலாம். வேண்டாம் என்றால் ஒவ்வொன்றையும் அணைத்தும் வைக்கலாம். வெப்கிட்டின் மூலநிரலிலும் தளங்களின் பெயர்களைக் குறிப்பிட்டே இப்படி ஒட்டுப்போடும் ஒரு கோப்பு உண்டு. உடைந்த தளத்தைப் பயனர்கள் புகார் செய்யும்போதுதான் அந்தப் பட்டியல்களில் புது வரிகள் சேர்கின்றன. ஃபயர்ஃபாக்ஸின் மெனுவிலேயே அதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழ் எழுத்து உடைவதையோ, படிவம் திறக்காததையோ பார்த்தால், குரோமுக்கு மாறுவதற்கு முன் அங்கே இரண்டு வரி எழுதுங்கள். அந்தத் தளத்தை நடத்துபவருக்கும் ஒரு வரி அனுப்புங்கள். எந்தப் பக்கம், எந்த பிரவுசர், என்ன தெரிந்தது என்பது மட்டும் போதும்.